காப்பகங்களைச் சோதிப்பது பாவமா?

நமது நாட்டில் ஒரு காரியத்துக்குத் “தர்மம்” என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அதைப்பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்பது நெடுநாளைய வழக்கமாக இருந்து வருகிறது. அரிசி விற்கிறவனைப் பார்த்து, “உன் படி சரியானதுதானா?” என்று கேட்கலாம். பால்காரனைப் பார்த்து, “தண்ணீர் எவ்வளவு கலந்தாய்?” என்று கேட்கலாம். ஓட்டல்காரனுடைய சமையற்கட்டுக்குள் சுகாதார உத்தியோகஸ்தர் நுழைந்து அண்டாவைத் திறந்து பார்க்கலாம். இவற்றையெல்லாம் எவரும் பாவம் என்று சொல்வதில்லை. ஆனால் முதியோர் இல்லம், அனாதை இல்லம், மனநோயாளர் காப்பகம், ஆதரவற்றோர் ஆசிரமம் என்று ஒரு பலகையை எழுதித் தொங்கவிட்டு, அதற்குமேல் ஒரு சாமி படத்தையோ, சிலுவையையோ, பிறையையோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு மகான் படத்தையோ மாட்டிவிட்டால் போதும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், போன வருஷம் எத்தனை பேர் செத்தார்கள், ராத்திரியில் கதவுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று கேட்கிறவன் உடனே தர்மத் துரோகி ஆகிவிடுகிறான்! “அவர்கள் செய்கிறதே பெரிய புண்ணியம், அதில் போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறாயே” என்று நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள்.

தோழர்களே! படியிலே ஏமாந்தால் நமக்கு நஷ்டம் ஒரு கைப்பிடி அரிசி. காப்பகத்திலே ஏமாந்தால் நஷ்டம் ஒரு மனித உயிர். அதுவும் எப்படிப்பட்ட உயிர்? தனக்கு நேர்ந்ததை வெளியே வந்து சொல்ல முடியாத உயிர். படுத்த படுக்கையாய் இருக்கிற கிழவி சொல்ல மாட்டாள். சொன்னால் நாளைக்குக் கஞ்சி வராது. புத்தி பேதலித்தவன் சொன்னால், பைத்தியக்காரன் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். தாய் தகப்பன் இல்லாத குழந்தை சொல்லப் போவது யாரிடத்தில்? ஆகவே, வாயில்லாதவர்கள் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார்களோ அங்கேதான் சோதனை அதிகமாக இருக்க வேண்டும் என்பது சாதாரண அறிவுக்கே படுகிற விஷயம். ஆனால் நம் நாட்டு நடப்போ இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது.

ஏர்வாடியில் நடந்தது என்ன?

இது வெறும் வாதம் அல்ல என்பதற்கு ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். இராமநாதபுரம் ஜில்லாவில் கடலோரத்தில் ஏர்வாடி என்று ஓர் ஊர். அங்கே ஒரு தர்கா. அந்தத் தர்காவின் தண்ணீரைக் குடித்தால், அங்கே எரிகிற விளக்கின் எண்ணெயைத் தடவினால், கெட்டுப்போன புத்தி திரும்பிவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. மூடநம்பிக்கைக்கு மத பேதம் கிடையாது அல்லவா? ஆதலால் முஸ்லிமும் வந்தார், இந்துவும் வந்தார், கிறிஸ்தவரும் வந்தார். வந்தவர்களை வைத்துக்கொள்ளச் சுற்றுப்புறத்தில் தனியார் விடுதிகள் முளைத்தன. பகலில் மரத்தோடு கயிற்றால் கட்டுவது, ராத்திரியில் கட்டிலோடு இரும்புச் சங்கிலியால் பிணைப்பது, “பிடித்திருப்பதை ஓட்ட” பிரம்பால் அடிப்பது ஆகிய இவைதான் அங்கே நடந்துவந்த வைத்தியம். நோயாளி வீடு திரும்புவது எப்போது? டாக்டர் பார்த்துச் சொல்லும்போதா? இல்லை. நோயாளியின் கனவில் உத்தரவு வரும்போது!

2001 ஆம் வருஷம் ஆகஸ்ட்டு மாதம் 6 ந் தேதி விடியற்காலையில் அந்த விடுதிகளில் ஒன்றின் கொட்டகையில் தீப் பிடித்தது. உள்ளே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருந்த சிலர் எப்படியோ தப்பினார்கள். மற்றவர்கள் தப்பவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். தீ பிடித்த தொழுவத்தில் மாட்டை அவிழ்த்துவிடக் கிராமத்தான் தன் உயிரைக்கூடப் பாராமல் ஓடுகிறான். அந்த மாட்டுக்கு இருந்த யோக்கியதைகூட அந்த 28 மனிதர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அதே மாதம் 13 ந் தேதி அப்படிப்பட்ட விடுதிகள் எல்லாம் மூடப்பட்டன. 500 பேருக்கு மேல் சர்க்கார் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதாவது, 6 ந் தேதி தீ, 13 ந் தேதி பூட்டு. ஒரே வாரத்தில் முடித்துவிடக்கூடிய இந்தக் காரியம், 28 பேர் கருகிச் சாகிறவரையில் ஏன் செய்யப்படவில்லை என்று கேட்கிறோம். 13 ந் தேதி இருந்த அதிகாரம் 5 ந் தேதி இல்லையா? 13 ந் தேதி இருந்த கலெக்டர், போலீஸ், ஜீப்பு வண்டி எல்லாம் 5 ந் தேதி எங்கே போயிருந்தன? விடுதிகளாவது ஒளித்து வைக்கப்பட்டவையா? ஊருக்கே தெரிந்தவை. சங்கிலிச் சத்தம் தெருவில் போகிறவன் காதிலே விழுந்துகொண்டுதான் இருந்தது.

2007 ஆம் வருஷத்தில் அந்த விடுதியை நடத்தியவருக்கும், அவர் மனைவிக்கும், உறவினர் இருவருக்கும் கோர்ட்டில் ஏழு வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சங்கிலி மாட்டியவருக்குத் தண்டனை கிடைத்தது சரிதான். ஆனால் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு என்ன தண்டனை என்பதுதான் நமது கேள்வி.

சட்டம் இல்லாமலா இருந்தது?

சட்டம் இல்லாததால்தான் இப்படி நடந்தது என்று யாராவது சொல்ல வந்தால் அது சுத்தப் பொய். 1987 ஆம் வருஷத்திலேயே மனநலச் சட்டம் என்று ஒன்று செய்யப்பட்டு, 1993 முதல் அமலில் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் ஸ்தாபனம் நடத்தக்கூடாது என்று அதிலே எழுதியிருந்தது. அதோடு விடவில்லை. ஒவ்வொரு மனநல ஆஸ்பத்திரிக்கும் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்வையாளர்களை நியமிக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்று பேருக்குக் குறையாமல் ஒன்றாகச் சேர்ந்து மாதம் ஒரு முறையாவது வந்து, ஒவ்வொரு பாகத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட யோக்கியமான ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

ஆனால் அனுபவத்தில் என்ன ஆயிற்று? லைசென்ஸ் வாங்கியவனுக்கு மாதம் ஒரு சோதனை. லைசென்சே வாங்காதவனுக்கு ஒரு சோதனையும் இல்லை! “எங்களுடையது ஆஸ்பத்திரி அல்ல, இது பிரார்த்தனைக்கு வந்தவர்கள் தங்குகிற இடம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சட்டம் செருப்பைக் கழற்றி வாசலிலே வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். நேர்மையாகப் பதிவு செய்துகொண்டவன் தலையில் நூறு விதி. பதிவே செய்யாதவனுக்குப் பூரண சுதந்திரம். இதுதான் நம் நாட்டு நிர்வாகத்தின் நியாயம்.

ஏர்வாடிச் சம்பவத்தைத் தானாகவே எடுத்து விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, 2002 ஆம் வருஷத்து உத்தரவில் ஒன்று சொல்லிற்று. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது சட்ட விரோதம் என்றும், அவர்களைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்றும் ஜனங்களுக்கு, முக்கியமாகக் கிராமத்து ஜனங்களுக்கு, சர்க்கார் பிரசாரம் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இதையே நாம் ஒரு பொதுக் கூட்டத்தில் சொன்னால் “நாஸ்திகர்கள் மதத்தைத் தாக்குகிறார்கள்” என்று கூச்சல் போடுகிறார்கள். இந்தத் தடவை சொன்னது நாம் அல்ல. தேசத்தின் உச்ச நீதிஸ்தலம். அந்தப் பிரசாரம் உங்கள் ஊருக்கு எத்தனை தடவை வந்தது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிறகு 2017 ஆம் வருஷத்தில் புதிய சட்டம் வந்தது. எந்த விதமாகவும், எந்த உருவத்திலும் சங்கிலி கூடாது என்றது. சுத்தமான இடம், ஒழுங்கான சாப்பாடு, மறைவான குளிப்பிடம் வேண்டும் என்றது. பலவந்தமாக மொட்டை அடிக்கக்கூடாது, விருப்பப்பட்டால் சொந்தத் துணியை உடுத்த விட வேண்டும் என்றது. இவ்வளவுக்கும் பிறகு, 2019 ஆம் வருஷத்தில் உத்தரப் பிரதேசத்தில் படாயூன் ஜில்லாவிலே மதத்தின் பேரால் நடந்த ஓரிடத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடந்த சங்கதி அதே சுப்ரீம் கோர்ட்டுக்கு மறுபடியும் வந்தது. 18 வருஷம் கழித்து மறுபடியும் அதே சங்கிலி!

கணக்குக் கேட்க முடியாத வைத்தியன்

இதற்கு வேர் எங்கே இருக்கிறது என்று பகுத்தறிவைக் கொண்டு பார்க்க வேண்டும். டாக்டர் வைத்தியம் செய்தால், “எந்த மருந்து கொடுத்தீர்? ஏன் குணமாகவில்லை?” என்று கேட்க இடம் உண்டு. தப்பு செய்தால் அவர் மேல் வழக்குப் போட இடம் உண்டு. ஆனால் வைத்தியன் ஒரு சாமியாகவோ, சமாதியில் இருக்கிற ஒரு பெரியவராகவோ ஆகிவிட்டால் என்ன ஆகிறது? குணமானால் அது அவருடைய மகிமை. குணமாகாவிட்டால் நோயாளியின் கர்மம், அல்லது சொந்தக்காரனின் பக்திக் குறைவு. செத்துப்போனால் விதி! ஆக, எது நடந்தாலும் அதற்குப் பொறுப்பாளி இந்தப் பூமியில் ஒருவரும் இல்லை. பொறுப்பாளியே இல்லாத இடத்தில் கணக்கு எதற்கு? ரிஜிஸ்தர் எதற்கு? சோதனை எதற்கு? சங்கிலியும் பூட்டும் மாத்திரம் போதும்.

இது ஒரு மதத்தின் குற்றம் என்று எவரும் திசை திருப்பிவிட வேண்டாம். குணசீலத்துப் பெருமாள் கோயிலிலும் புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய் 48 நாள் வைத்திருக்கும் வழக்கம் உண்டு. பிசாசு ஓட்டுகிற ஜெபக் கூட்டங்களும் ஊருக்கு ஊர் உண்டு. பெயர்தான் வேறு, “மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார்” என்ற புரட்டு ஒன்றுதான். மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்றால், கீழே இருக்கிறவன் பார்க்க வேண்டியதில்லை என்றுதானே அர்த்தம்?

சாமி படம் இல்லாவிட்டால் யோக்கியமா?

நிற்க, மதத்தின் பேரால் நடப்பவைதான் இப்படி, மற்றவையெல்லாம் யோக்கியமானவை என்று நாம் சொல்ல வரவில்லை. பீகாரில் முசாபர்பூர் என்கிற ஊரில் சர்க்கார் பணத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லம் நடந்தது. உத்தியோகஸ்தர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கையெழுத்துகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. 2018 ஆம் வருஷத்தில் பம்பாயிலுள்ள டாடா சமூக விஞ்ஞான நிலையத்தார் பீகாரிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட காப்பகங்களைச் சோதித்து அறிக்கை கொடுத்த பிறகுதான், அந்த இல்லத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சிறுமிகள் கெடுக்கப்பட்டுக் கிடந்த கொடுமை வெளியே வந்தது. 2020 ஆம் வருஷத்தில் டில்லிக் கோர்ட்டு 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்தப் பத்தொன்பது பேரில், அந்தக் குழந்தைகளைக் காப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும், ஜில்லா குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தார்கள் என்றால், வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இத்தனைக்கும் குழந்தைகளுக்கான 2015 ஆம் வருஷத்துச் சட்டத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மூன்று பேருக்குக் குறையாத குழு போய்ப் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் டாக்டராகவும் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அப்படியானால் உத்தியோகஸ்தர்கள் கண்ணில் படாதது டாடா நிலையத்தாருக்கு மாத்திரம் எப்படித் தெரிந்தது? மந்திரமா? ஒன்றும் இல்லை. உத்தியோகஸ்தர்கள் நிர்வாகியோடு பேசினார்கள். இவர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நமது தமிழ்நாட்டிலேயே 2023 ஆம் வருஷம் பிப்ரவரியில் விழுப்புரம் ஜில்லாவில் லைசென்ஸ் இல்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவர் எங்கே என்று அவருடைய மனிதர்கள் கேட்டு, ஹைகோர்ட்டு வரை போன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஒருவரைத் தேடி ஒருவர் வந்ததால் நூற்று நாற்பது பேருக்கு விமோசனம் வந்தது. தேடிவர ஒருவரும் இல்லாதவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சோதனை என்னும் நாடகம்

இப்போது சாதாரணமாகச் சோதனை எப்படி நடக்கிறது? “வருகிற புதன்கிழமை ஐயா வருகிறார்” என்று முன்கூட்டியே சமாசாரம் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை சுவருக்குச் சுண்ணாம்பு. பெட்டியிலிருந்து புதுப் போர்வை. புதன்கிழமை வாசலில் கோலம், குழந்தைகள் பாட்டு, ஐயாவுக்கு மாலை, காப்பி, முந்திரிப் பருப்பு. ஐயா ரிஜிஸ்தரைப் பார்க்கிறார். எழுத்து அழகாக இருக்கிறது. “எல்லாம் திருப்தி” என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். வியாழக்கிழமை போர்வை பெட்டிக்குள் போய்விடுகிறது. கிழவர் பழையபடி வெறும் பாயில்!

இதற்குப் பெயர் சோதனையா? பெண் பார்க்கப் போகிறவன்கூட இதைவிடக் கூர்மையாகப் பார்த்துவிட்டு வருவானே!

சோதிக்கிறவன் ரிஜிஸ்தரைப் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியின் முதுகைப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாய் இருக்கிறவரை இரண்டு மணிக்கு ஒரு தரமாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால், முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். ரிஜிஸ்தரில் பொய் எழுதலாம். முதுகிலே பொய் எழுத முடியாது. பிறகு நிறுத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னிருந்த நிறை என்ன, இன்றைய நிறை என்ன என்று தராசு சொல்லிவிடும், சாப்பாடு எப்படி என்று. பகலெல்லாம் எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் அதை “அமைதியான இல்லம்” என்று மெச்சக்கூடாது. ஆளை அடக்கத் தூக்க மருந்து கொடுக்கிறார்களா, கொடுப்பதானால் எந்த டாக்டர் சீட்டு எழுதினார் என்று கேட்க வேண்டும்.

தீ விஷயத்திலோ, ஏர்வாடி நமக்கு ரத்தத்தால் எழுதிக் காட்டிவிட்டது. கூரை கீற்றா, ஓடா? வெளியே போக வழி ஒன்றா, இரண்டா? ராத்திரியில் கதவு பூட்டப்படுகிறதா? பூட்டினால் சாவி எங்கே? சாவிக்காரன் எங்கே தூங்குகிறான்? நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட ராத்திரியில் விழித்திருக்கிற ஆள் எத்தனை பேர்? ஐம்பது பேருக்கு ஒரே ஒரு காவற்காரக் கிழவன் என்றால், அந்த இல்லத்துக்கு இன்னும் தீப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு ஒரு பாதுகாப்பும் இல்லை என்றே அர்த்தம். 2004 ஆம் வருஷத்தில் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்றே. அது காப்பகம் அல்ல என்றாலும், கூரைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருப்பவரோடு நிர்வாகி பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். சொல்லாமல் வர வேண்டும். ராத்திரியிலும் வர வேண்டும். சாவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். யார் செத்தார், எதனால் செத்தார், எந்த டாக்டர் அத்தாட்சி கொடுத்தார், உடல் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற நாலு கேள்விக்கும் பதில் இல்லாத இடத்தில் ஐந்தாவது கேள்வியைப் போலீஸ்தான் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு கமிஷன் இருக்கிறது. பாதுகாப்பு, பயன், அன்பு, கேட்டதைக் கவனித்தல், நிர்வாகம் என்று ஐந்து விஷயத்தைப் பார்த்து மதிப்புப் போடுகிறது. போட்ட மதிப்பை அந்த இல்லத்தார் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். தாயைச் சேர்க்க வருகிற மகன் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கும் இது வேண்டும். ஆனால் வெள்ளைக்காரன் செய்கிறான் என்பதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுவிடக் கூடாது. அந்தக் கமிஷன் இருக்கும்போதே, பிரிஸ்டல் நகரத்துக்கு அருகில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில் அறிவு வளர்ச்சி குன்றியவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு நர்சு எச்சரித்தும் கமிஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2011 ஆம் வருஷத்தில் ஒரு நிருபர் வேலைக்காரனைப்போல் உள்ளே நுழைந்து, ஒளித்து வைத்த காமிராவால் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் உலகம் பார்த்தது. மறு வருஷம் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆகவே கமிஷன் இருந்தால் மாத்திரம் போதாது; குறை சொல்லுகிறவன் பேச்சைக் கேட்கிற காதும் அதற்கு இருக்க வேண்டும்.

“மூடிவிட்டால் எங்கே போவார்கள்?”

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற வாதங்களில் ஒன்று கொஞ்சம் கவனிக்கத்தக்கது. “கடுமையாகச் சோதித்தால் பல இல்லங்களை மூட வேண்டி வரும். பிறகு அந்த அனாதைகள் தெருவில்தானே கிடப்பார்கள்?” என்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. இதைச் சர்க்காரைப் பார்த்துக் கேட்க வேண்டும். 2007 ஆம் வருஷத்தில் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். ஏழை முதியோருக்காக ஜில்லாவுக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படியாக, சர்க்கார் “ஏற்படுத்தலாம்” என்று அதில் எழுதினார்கள். “ஏற்படுத்த வேண்டும்” என்று எழுதவில்லை, தோழர்களே, “ஏற்படுத்தலாம்”! வரி கட்டுகிற விஷயத்தில் “கட்டலாம்” என்று எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா? நம்மிடம் வாங்குவதற்கு “வேண்டும்”. நமக்குக் கொடுப்பதற்கு “லாம்”. இந்த “லாம்” என்கிற சந்தில்தான் போலி ஆசிரமங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. சர்க்கார் நல்ல இல்லம் வைத்திருந்தால், எவன் கெட்ட இல்லத்துக்குப் போவான்?

இரண்டாவது வாதம், “இப்படியெல்லாம் கேட்டால் தர்மம் செய்ய யார் வருவார்கள்?” என்பது. உண்மையாகச் செய்கிறவனுக்குச் சோதனையால் என்ன நஷ்டம்? நல்ல நெல் வைத்திருக்கிறவன் மூட்டையைக் குத்திப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுவானா? கைப்பணத்தைப் போட்டு, ராத்திரியெல்லாம் கண் விழித்து, யாரோ பெற்ற கிழவருக்கு மலம் துடைத்துக் கஞ்சி ஊட்டுகிற யோக்கியமான மனிதர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் போலிகளுக்கும் வித்தியாசம் காட்டுவதற்கு ஒழுங்கான சோதனையைத் தவிர வேறு வழி இல்லை. பகுத்தறிவுக்காரன் ஒருவன் இல்லம் நடத்தினாலும் இதேதான். நம் படத்தை மாட்டிய சுவருக்குப் பின்னாலும் படுக்கைப் புண் வரும். முதலில் அந்தச் சோதனை நம்முடைய ஆள் நடத்துகிற இல்லத்தில் நடக்கட்டும் என்றே சொல்லுகிறோம்.

நம்முடைய பங்கு என்ன?

சர்க்காரை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சந்தையில் ஒரு மண் பானை வாங்கப் போனால் நாலு தரம் தட்டிப் பார்க்கிறோம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பெற்ற தாயைக் கொண்டுபோய் ஓர் இல்லத்தில் விடுகிறபோது, சமையற்கட்டு எங்கே, கக்கூஸ் எங்கே என்றுகூடப் பார்க்காமல், பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு வருஷத்துக்கு ஒரு தரம் பொங்கலுக்குப் போய்ப் பார்ப்பதே பெரிய காரியம். அடிக்கடி மனிதர் வந்து பார்க்கிற கிழவியை அடிக்க எவனும் பயப்படுவான். வராத மகன்தான் கெட்ட நிர்வாகிக்கு முதல் கூட்டாளி.

அடுத்தபடி, பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டு, கிழவர்களை வரிசையாக உட்கார வைத்து, கையிலே இலையோடு போட்டோ எடுத்துக்கொண்டு வருகிற தர்மப் பிரபுக்கள் ஒரு கூட்டம். இவர்களுக்குப் புண்ணியம் வேண்டும், கணக்கு வேண்டாம். “நான் கொடுத்துவிட்டேன், அதை என்ன செய்கிறார்களோ அது அவர்கள் பாவம்” என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். சோறு வாங்குகிறவர் இவருடைய புண்ணியக் கணக்கை நிரப்புவதற்காகப் பிறந்தவரா? உழைத்து ஓய்ந்த மனிதனுக்கு ஊர் சோறு போடுவது கடன், பிச்சை அல்ல. பிச்சை என்று நினைக்கிறவரைக்கும் அழுகினதும் போதும் என்று தோன்றும். கடன் என்று நினைத்தால்தான் சரியாகக் கொடுத்தோமா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

ஆகவே, தோழர்களே! ஒவ்வோர் ஊரிலும் உள்ள வாலிபர்கள் செய்ய வேண்டிய காரியம் இது. உங்கள் பக்கத்தில் இருக்கிற இல்லங்கள் எவை, அவை எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை என்று கேளுங்கள். நல்லபடியாகவே கேளுங்கள், சண்டைக்குப் போக வேண்டாம். பதிவுச் சீட்டு சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சோதனை செய்தது யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார் என்று தெரியாவிட்டால், 2005 ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு சர்க்காருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சோதனையே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து ஊர் சந்தையில் கொடுங்கள். முதியவர் எவராவது துன்பப்படுவது தெரிந்தால் 14567 என்ற எண்ணுக்கும், குழந்தை என்றால் 1098 என்ற எண்ணுக்கும் டெலிபோன் செய்யுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரியில் உள்ள மனநோய் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். விளக்கெண்ணெய் தலைக்குத் தடவத்தான் உதவும், தலைக்குள்ளே போகாது.

உள்ளே இருக்கிறவர்களும் மானமுள்ள மனிதர்கள். நேற்று அவர்கள் நெல் நட்டார்கள், தறி நெய்தார்கள், ரோடு போட்டார்கள், பிள்ளை வளர்த்தார்கள். நாளைக்கு அந்தப் பாயில் படுக்கப் போகிறவர்கள் நாம். இன்றைக்கு நாம் திறக்கச் சொல்லாத கதவு, நாளைக்கு நமக்குப் பின்னால் பூட்டப்படும். தர்மம் என்று எழுதிய பலகையைப் பார்த்துக் கும்பிட்டது போதும். இனி கதவைத் தட்டுங்கள். திறக்க மாட்டேன் என்கிறவன் எவனோ, அவனுடைய இல்லத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.